அப்பாவின் பேப்பரும் நெருப்பு நரியும்

2024 டிசம்பரில் திருவனந்தபுரம் போயிருந்தேன். கரமனை வீட்டில் அம்மா மட்டும்தான் இப்போது. அப்பா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. பரணில் இருந்த பழைய கணினிப் பெட்டியைக் காட்டி, "இதைத் தூக்கிப் போடவா, இல்ல உனக்கு வேணுமா?" என்றாள். தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்தேன். அதில் 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே நூற்றுச் சொச்சம் கோப்புகள், எல்லாமே 2003 முதல் 2006 வரை அவர் சேமித்து வைத்த இணையப் பக்கங்கள்.

ஒன்றைத் திறந்தேன். பக்கம் வந்தது, படம் வந்தது, எழுத்து மட்டும் வரவில்லை. ஆங்கில எழுத்தும் அதன் மேல் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துமாக, திரை முழுக்கப் பூச்சி. இன்னொன்று, அதுவும் பூச்சி. மெல்பர்ன் திரும்பின பிறகும் இது மனதை விட்டுப் போகவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே பூச்சியைப் பற்றி அப்பா என்னிடம் புகார் சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை. அதனால் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்கிறேன். வீட்டுக் கணினியில் எந்த உலாவியை வைப்பது என்ற சின்ன விஷயத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இருக்கிறது.

கரமனையில் ஒரு கணினி

எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். 2001-ல் டெக்னோபார்க்கில் எனக்கு வேலை கிடைத்தது. 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்தான் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கட்டடங்களுக்கெல்லாம் நிளா, பம்பா, பெரியார், பவானி என்று ஆறுகளின் பெயர். அப்பா ஓய்வு பெற்றதும் 2003-ல் அவரையும் அம்மாவையும் கரமனைக்கு அழைத்து வந்தேன். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. 1956 நவம்பர் 1 வரை இரண்டுமே ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர்கள். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே பேசிச் சாமான் வாங்கலாம். ஆனாலும் அப்பாவுக்கு ஒரு குறை. அவர் படிக்கிற வார இதழ் எங்கள் பக்கத்துக் கடைக்கு ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது.

அதற்குத்தான் வீட்டில் கணினி வாங்கினோம். டயல் அப் இணைப்பு. மோடம் கீச்கீச்சென்று கத்தி முடிக்கும் வரை அப்பா கைகட்டி உட்கார்ந்திருப்பார். இணையத்தில் இருக்கும் வரை தொலைபேசி எங்கேஜ்டு, அதனால் அம்மா திட்டுவாள். விண்டோஸ் எக்ஸ்பி, அதனோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. நீல நிற 'இ' எழுத்தை இரண்டு தரம் தட்டினால் பேப்பர் வரும், அவருக்குத் தெரிந்த இணையம் அவ்வளவுதான். பிடித்த கட்டுரை என்றால் ஃபைல், சேவ் ஆஸ், வெப் ஆர்க்கைவ் என்று அழுத்தி ஒரே கோப்பாக எடுத்து வைக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கோப்புகள்தான் மேலே சொன்ன ஃபோல்டரில் இருப்பவை.

ஏன் எல்லார் வீட்டிலும் அதே நீல 'இ'?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த மொசைக்தான் படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களை வலைக்குள் இழுத்த உலாவி. அதைச் செய்தவர்களில் சிலர் வெளியே வந்து 1994-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டரைக் கொண்டு வந்தார்கள். மைக்ரோசாஃப்ட் 1995 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை இறக்கியது, பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. பெட்டியோடு இலவசமாக ஒன்று வரும்போது இன்னொன்றைத் தேடிப் போகிறவன் யார்? இது நியாயமான போட்டியா என்று 1998 மே மாதம் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. தீர்ப்பு, மேல்முறையீடு, சமரசம் என்று வழக்கு இழுத்தடித்தது. அதற்குள் நெட்ஸ்கேப்பின் கதை முடிந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் உலகில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் எக்ஸ்ப்ளோரர்தான்.

ஜெயித்ததும் மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? தூங்கிவிட்டது. ஆறாம் பதிப்பு 2001 ஆகஸ்டில் வந்தது. ஏழாம் பதிப்பு வர 2006 அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் ஐந்து வருஷம். அதற்குள் வைரஸும் விளம்பரச் சாளரமும் பெருகிவிட்டன. 2004 ஜூனில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே, வேறு உலாவிக்கு மாறுவதையும் ஒரு வழியாகச் சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் தமிழ் வாசகனுக்கு எக்ஸ்ப்ளோரரை விட முடியாதபடி வேறொரு முடிச்சு இருந்தது. அதுதான் எழுத்துரு.

எழுத்துரு என்ற முடிச்சு

1991-ல் வந்த யுனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இருந்து என்ன, கணினிகள் அதைக் காட்டத் தயாராகவில்லை. அதனால் ஆளுக்கொரு வழி. இணையத்தில் தமிழர்கள் கூடி உண்டாக்கியது டிஸ்கி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்தவை டாம், டாப். இவை போதாதென்று ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்துக்கொண்டது. ஒரு பேப்பரில் 'க' இருக்கிற எண்ணில் இன்னொரு பேப்பரில் 'மு' இருக்கும். எண்கள் எல்லாம் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் எண்கள்தான். மேலே தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு. முகமூடி இல்லையென்றால் பூச்சி.

வாசகர் ஒவ்வொருவரும் பேப்பருக்கு ஓர் எழுத்துரு இறக்கி நிறுவுவது நடக்கிற காரியமா? அதற்கு மைக்ரோசாஃப்ட் 1997-ல் எக்ஸ்ப்ளோரர் 4-ல் ஒரு வசதி கொடுத்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கி வரும். 'இயங்கு எழுத்துரு' என்று சொல்வோம். அதிராம்பட்டினம் உமர்தம்பி செய்த 'தேனீ' எழுத்துருவை இந்த முறையில் பயன்படுத்திய தமிழ் வலைப்பதிவுகள் ஏராளம். உமர்தம்பி 2006-ல் காலமானார். தமிழ் இணையத்தின் அந்தக் காலத்தை நினைக்கும்போது அவர் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது.

இந்த வசதி ஒரு வரம்தான். ஆனால் அந்த வகைக் கோப்பு எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே புரியும். ஆகவே தமிழ் பேப்பர் என்றால் எக்ஸ்ப்ளோரர். மலையாளப் பேப்பர்களுக்கும் இதே நிலைமைதான். நம் மொழியைப் படிக்கும் சாவி ஒரே நிறுவனத்தின் பையில் இருந்தது.

என் தலையில் ஏறிய காற்று

அப்போது திருவனந்தபுரத்தில் அடித்த காற்றே வேறு. 2001 ஜூலை 20-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையை இந்த ஊரில்தான் தொடங்கி வைத்தார். அதே 2001-ல் பள்ளிகளில் கணினிக் கல்விக்காகக் கேரள அரசு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தை ஆரம்பித்தது. சில வருஷங்களிலேயே அந்தப் பள்ளிக் கணினிகள் லினக்ஸுக்கு மாறத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியில் லினக்ஸில் படம் வரைகிறான், டெக்னோபார்க்கில் சம்பளம் வாங்குகிற நாம் வீட்டில் இன்னும் எக்ஸ்ப்ளோரரா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு பக்கம், செத்துப்போனதாக நினைத்த நெட்ஸ்கேப் புது உருவில் எழுந்து வந்திருந்தது. 1998 மார்ச் 31-ல் தன் மூல நிரலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அது போனது. அதிலிருந்து முளைத்தது மொசில்லா. அதில் இளைத்துச் செதுக்கிய சின்ன உலாவிக்கு 2002-ல் ஃபீனிக்ஸ் என்று பெயர். வணிகக் குறித் தகராறில் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரும் வேறொரு மென்பொருளுக்கு இருந்ததால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ். நம் பதிவர்கள் 'நெருப்பு நரி' என்று செல்லமாக மொழிபெயர்த்தார்கள். உண்மையில் அது இமயமலைப் பக்கம் வாழும் சிவப்புப் பாண்டாவின் பெயர் :-) முதல் பதிப்பு 2004 நவம்பர் 9-ல் வந்தது. அடுத்த மாதம், ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் கைக்காசு போட்டு நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டிலும் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது.

தாவல்கள், விளம்பரத் தடுப்பு, விரும்பியபடி மாட்டிக்கொள்ள நீட்சிகள். சொந்த வீட்டைப் போல் ஓர் உலாவியை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2006 ஓண விடுமுறையில் வீட்டுக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் நிறுவினேன். அத்தோடு விட்டேனா? நீல 'இ'-யை டெஸ்க்டாப்பிலிருந்து அழித்தேன். ஸ்டார்ட் மெனுவிலிருந்தும் எடுத்தேன்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். "மக்ளே, பேப்பரு பூச்சி பூச்சியா வருதுலே."

"அது பேப்பர்காரன் தப்புப்பா. யுனிகோடுக்கு மாறாம இருக்கான். மாறிடுவான்."

"அது வரைக்கும் நான் என்னத்த படிக்க?"

நான் உலகத் தர நிர்ணயம், ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை. பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அம்மா போட்டு உடைத்தாள். தினமும் காலையில் 'நடந்துட்டு வாரேன்' என்று கிளம்புகிறவர், தெருமுனை இன்டர்நெட் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, எக்ஸ்ப்ளோரரில் பேப்பர் படித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். வீட்டில் கணினி, மகனுக்குக் கணினி வேலை, அப்பா கஃபேயில்! எனக்குத் தலை நிமிரவில்லை. நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் நான் அந்தக் கணினியை யாருக்காக வாங்கினேன் என்பதை மறந்துவிட்டேன்.

பத்மா வந்தாள்

அன்றிரவே தேட ஆரம்பித்தேன். கிடைத்தது 'பத்மா' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி. நாகார்ஜுன வென்னா தெலுங்குக்காகத் தொடங்கியது, பிறகு மலையாளம், தமிழ் என்று விரிந்தது. வேலை எளிமையானது. பக்கத்தில் என்ன எழுத்துரு என்று பார்க்கும். அந்த எழுத்துருவில் எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையை வைத்து, பூச்சியை யுனிகோடாக மாற்றித் திரையில் காட்டும். தளத்தின் முகவரியை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாகவே மாற்றிவிடும்.

அதோடு இன்னும் சில வேலைகள். எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனல் போய், ரீஜனல் அண்ட் லாங்வேஜ் பகுதியில் சிக்கல் எழுத்துகளுக்கான பெட்டியில் டிக் போட்டு, எக்ஸ்பி குறுந்தகட்டைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கென்று தனியாக எழுத்துருவும் அளவும் குறிக்க இடம் உண்டு, அதில் அப்பாவின் கண்ணுக்கு ஏற்றபடி பதினெட்டு என்று வைத்தேன். அந்த நாளில் இரண்டு ஓரமும் சமமாக வரும்படி ஜஸ்டிஃபை செய்த தமிழ்ப் பத்தியை ஃபயர்ஃபாக்ஸ் உடைத்து உடைத்துக் காட்டும். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்துதான் அது சரியானது. அதுவரை அப்படிப்பட்ட தளங்களுக்கு ஓரத்தைச் சமப்படுத்தாதே என்று ஒரு சின்ன நடைவரி எழுதிப் போட்டேன்.

கடைசியாக, உலாவி திறந்ததும் அவருடைய இதழ் வரும்படி முகப்பை அமைத்தேன். மேலே பட்டையில் நான்கே நான்கு பொத்தான்கள். நீல 'இ'-யையும் மன்னிப்போடு திரும்ப வைத்தேன். ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "இந்த நரியே இருக்கட்டும்லே, விளம்பரம் குதிக்க மாட்டேங்கு" என்றார். கஃபே நின்றது.

சாவி கைமாறிய கதை

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2000களின் கடைசியில் தொடங்கிப் பேப்பர்கள் ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு வந்தன. 2009 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.5, எந்தத் தளமும் பொதுவான முறையில் எழுத்துருவைக் கூடவே அனுப்ப வழி செய்தது. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2008 செப்டம்பரில் வந்த கூகுள் குரோம் மெல்ல எல்லாரையும் முந்தியது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 தன் பழைய நீட்சி முறையையே கைவிட்டது. பத்மா போன்ற பழைய நீட்சிகள் அத்தோடு நின்றன. 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது.

சாவி இன்று வேறு பையில். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020 முதல் குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தான் ஓடுகிறது. ஓப்பரா, பிரேவ் எல்லாம் அதே. சென்னை ஸோஹோ 2023-ல் கொண்டு வந்த 'உலா'வும் அதே. பெயரைக் கேட்டால் நமக்குச் சந்தோஷம்தான், எஞ்சின் கூகுளுடையது. தனி எஞ்சினோடு நிற்கிற பெரிய ஆட்கள் ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான். 'எல்லாரும் குரோம்தான் வைத்திருக்கிறார்கள், அதில் தெரிந்தால் போதும்' என்று இன்று ஒரு தளக்காரர் சொல்லும்போது, 2003-ல் கேட்ட அதே வார்த்தை என் காதில் விழுகிறது.

பரண் பெட்டிக்குத் திரும்புவோம்

அப்பாவின் கோப்புகளை என்ன செய்தேன்? ஒவ்வொன்றையும் உலாவியில் திறந்து, மூலத்தைக் காட்டச் சொல்லி, எழுத்துருவின் பெயரைத் தேடினேன். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பூச்சியை அப்படியே நகலெடுத்து, சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் ஒட்டி, எது சரியாக வருகிறது என்று பார்த்தேன். ஒரு மாதம் வார இறுதிகளில் உட்கார்ந்து பெரும்பாலானவற்றை மீட்டேன். பதினோரு கோப்புகள் இன்னும் பூச்சியாகவே இருக்கின்றன.

சமையல் குறிப்பு, நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி ஒரு தொடர், நீரிழிவு மருத்துவம் என்று கலவையாக இருந்தது. ஒரு கோப்பு மட்டும் வாசகர் கடிதப் பக்கம். எதற்குச் சேமித்தார் என்று புரியாமல் கீழே வந்தால், கடைசிக் கடிதத்தின் அடியில் அப்பாவின் பெயர், கரமனை, திருவனந்தபுரம். 2005-ல் எழுதியது. நான்கு வயதுப் பேரனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கத் தமிழ் அரிச்சுவடி தேடி இந்த ஊர்க் கடைகளில் அலைந்ததையும், கடைசியில் நாகர்கோவில் போய் வாங்கி வந்ததையும் எழுதியிருந்தார். ஊர் மாறிய குடும்பங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்று முடித்திருந்தார். தன் கடிதம் வெளிவந்ததை எங்கள் யாரிடமும் அவர் சொன்னதே இல்லை. அந்தப் பேரன் இப்போது மெல்பர்னில் வேலை பார்க்கிறான். எழுத்துக் கூட்டித்தான் படித்தான், ஆனால் முழுவதும் படித்தான்.

நம் வீடுகளுக்குச் சில யோசனைகள்

ஊரைவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நமக்குப் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எந்த உலாவி என்று முடிவு செய்யும் முன், வீட்டில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். தாத்தா பாட்டிக்குத் தனி சுயவிவரம், தனி முகப்பு, நான்கைந்து பொத்தான். மிகக் குறைந்த எழுத்தளவு என்ற இடத்தில் அவர்கள் கண்ணுக்கேற்ற எண்ணைப் போடுங்கள்.

கணினியில் ஒரு உலாவி மட்டும் வேண்டாம், வேறு வேறு எஞ்சினில் இரண்டு இருக்கட்டும். நான் ஃபயர்ஃபாக்ஸை முதலாவதாகவும் குரோமிய வகையில் ஒன்றை இரண்டாவதாகவும் வைத்திருக்கிறேன். விளம்பரத் தடுப்புக்கான யூபிளாக் ஆரிஜின் குரோமில் முழு வடிவில் இப்போது ஓடாது, ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. முதியவர்கள் போலி விளம்பரத்தைத் தட்டி ஏமாறாமல் இருக்க இது ஒன்றே பெரிய உதவி.

மொழி அமைப்பில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேருங்கள். தமிழ்ப் பதிப்பு வைத்திருக்கும் தளங்கள் அதைப் பார்த்துத் தமிழிலேயே திறக்கலாம்.

சேமிக்கிற பக்கத்தை ஒரே உலாவிக்குப் புரிகிற வடிவில் வைக்காதீர்கள். பி.டி.எஃப். ஒன்று, யுனிகோட் எழுத்தாக ஒன்று என்று இரண்டாக வையுங்கள்.

அப்புறம், வீட்டுப் பரணில் 2000களின் பெட்டி ஏதாவது இருந்தால், தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பூச்சியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துருவின் பெயரைத் தேடுங்கள். மாற்றிகள் கிடைக்கிற காலத்திலேயே செய்துவிடுங்கள்.

மீதிப் பதினோரு கோப்பை நானும் இந்த வாரக் கடைசியில் மறுபடி எடுக்கப் போகிறேன்.